அழகுக்கா, ஆபத்துக்கா?

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் 'செக்கர்' என்றே கூப்பிட்டார்கள். நாளடைவில் வீட்டுக்காரர், காய்கறிக்காரர், மைத்துனர் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும். மேலே சட்டைகள் ஒவ்வொன்றாக வந்து விழும். எண்ணெய்க் கறை, நூல் பிசகு, சாயத் திட்டு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரமாக வீசிவிடுவார். அவர் தேறும் என்று சொன்ன சட்டை கடையிலிருந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அதே கண் வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒரே நிதானத்தில் சொல்லக்கூடிய குரல். ஊரில் பாதிப் பேர் அந்தக் குரலை நம்பித்தான் ஓடுவார்கள், உட்காருவார்கள். வீட்டில் மட்டும் அதற்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை.

"என்னங்க, முதுகுல அந்த மச்சம் இருக்கிற இடம் அரிக்குது. என்னன்னு பாருங்களேன்."

"மச்சம்தான். வேற என்ன?" என்பார் செக்கர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த உரையாடல் பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. அவளும் கேட்பதை நிறுத்தவில்லை, அவரும் பதிலை மாற்றவில்லை.

ஒருநாள் காலையில் அவள் வேலைக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சட்டையின் பின்பக்க ஜிப்பை ஏற்றிவிடச் சொன்னாள். தொலைக்காட்சி அணைந்திருந்ததால் செக்கருக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. பார்த்தார்.

கல்யாணமான புதிதில் அது மிளகுபோல உருண்டையாக இருந்தது அவருக்கு நினைவிருந்தது. இப்போது ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மை கசிந்ததுபோல் பிசிறடித்து, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பரவியிருந்தது. நடுவில் கறுப்பு, ஓரத்தில் பழுப்பு, ஒரு மூலையில் லேசான சிவப்பு. துணியில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அவர் கை தானாகவே ஸ்டிக்கரைத் தேடியிருக்கும்.

"என்ன, அப்படியே நின்னுட்டீங்க? ஜிப் மாட்டிக்கிச்சா?"

"ஆமா... மாட்டிக்கிச்சு," என்றார் செக்கர். ஜிப்பை ஏற்றினார். அது வெண்ணெய்போல ஏறியது.

அன்று தொழிற்சாலையில் அவர் நல்ல சட்டைகளில் எல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். "செக்கருக்கு இன்னைக்கு என்ன ஆச்சு? குறையே இல்லாத துணியை ஒதுக்குறாரே!" என்று மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார். செக்கருக்கு எந்தத் துணியைப் பார்த்தாலும் ஒரே முதுகுதான் தெரிந்தது.

சாயங்காலம் மனைவியிடம், "நாளைக்கு லீவு சொல்லிடு. தோல் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வருவோம்," என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான். அந்த மச்சத்தைக் காட்டிட்டு வரலாம்."

"சும்மா போயிட்டு வர அது என்ன பூங்காவா?" என்று சிரித்தாள். ஆனால் மறுநாள் கிளம்பிவிட்டாள். இவ்வளவு நாள் கழித்தாவது காது கேட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வருவது செக்கருக்குச் சுலபமாக இல்லை.

மருத்துவமனை பிரம்மாண்டமாக இருந்தது. வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே மீன் தொட்டி, எங்கிருந்தோ கசியும் குழலோசை. வரவேற்பு மேசையில் இருந்த பெண் நாள் முழுதும் கலையாத ஒரு புன்னகையை முகத்தில் பொருத்தியிருந்தாள். மனைவி மீன்களைப் பார்க்கப் போக, செக்கர் மட்டும் மேசைக்குப் போனார்.

"மச்சமா சார்? அழகுக்கா, ஆபத்துக்கா?"

"புரியலைங்க."

"எங்ககிட்ட ரெண்டு பிரிவு இருக்கு சார். மச்சம் அசிங்கமா இருக்குன்னு எடுக்க வந்தா அழகுப் பிரிவு, மாடியில. மச்சத்தைப் பார்த்து பயந்து வந்தா ஆபத்துப் பிரிவு, கீழ்த்தளத்துல."

செக்கர் குரலைத் தாழ்த்தி, "ஆபத்துக்கு," என்றார்.

"இன்னைக்குக் கீழ டாக்டர் இல்ல சார். அடுத்த இடம் மூணு மாசம் கழிச்சுத்தான் இருக்கு. போட்டுடவா?"

"மூணு மாசமா? ஆபத்துக்கா?"

"நிஜமாவே அவசரமா இருக்கிறவங்க அதுக்குள்ள வேற எங்கயாவது போயிடுவாங்க சார். இல்லன்னா வராமலே போயிடுவாங்க. அதனாலதான் எங்களால கூட்டத்தைச் சமாளிக்க முடியுது," என்றாள் அவள். புன்னகை இம்மியும் அசையவில்லை. "மாடின்னா இப்பவே போகலாம். உட்காரக்கூட வேண்டியதில்ல."

அதற்குள் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன கேக்குறாங்க?"

"அழகுக்கா, ஆபத்துக்கான்னு கேக்குறோம் மேடம்."

இருவரும் செக்கரைப் பார்த்தார்கள். ஆபத்து என்ற சொல்லை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. எப்படியாவது ஒரு டாக்டர் கண்ணில் அதைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

"அழகுக்கு," என்றார்.

மனைவியின் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக அணைந்தது. அவள் நகரும் படியில் ஏறினாள். அந்தப் படி மேலே மட்டும்தான் போகும், கீழே வராது.

மாடியில் அவர்களை வரவேற்றவர் 'மச்ச ஆலோசகர்' என்ற பட்டை குத்திய இளைஞர். எதைச் சொன்னாலும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்.

"மச்சத்தை மூணு விதமா எடுக்கலாம் சார். ஒண்ணு, லேசர் ஒளியால சுட்டு எடுக்கிறது. ரெண்டு, பிளேடால மேலாகச் சீவி எடுக்கிறது. மூணு, ஆழமா வெட்டி எடுத்துத் தையல் போடறது. வெட்டி எடுத்தா அந்தத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பணும். முடிவு வர்ற வரைக்கும் வீட்டுல யாரும் நிம்மதியா தூங்க முடியாது. வாடிக்கையாளர் தூக்கத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம். அதனால இங்க எல்லாம் சுடறதுதான்."

"மச்சம் முதுகுல இருக்குதுங்க. ஒரு டாக்டர் பார்த்தா..."

"முதுகை யார் சார் பார்க்கப் போறாங்க? முகத்துல ஆரம்பிப்போம்."

மனைவியைப் பெரிய கண்ணாடிமுன் உட்காரவைத்து, முகத்தில் இருந்த புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி நீலப் பென்சிலால் வட்டம் போட்டார்கள். கன்னத்தில், மோவாயில், காதோரத்தில். அவளுக்கே தெரியாத சிலதைக் கண்டுபிடித்து ஆளுக்கு ஆள் காட்டிக்கொண்டார்கள். வட்டம் போடும் வேகத்தில், முகத்தில் பட்ட அவளுடைய கைக்கடிகாரத்தின் நிழலுக்கும் ஒரு வட்டம் விழுந்தது. துணைக்கு வந்தவர் சும்மா நிற்கக்கூடாது என்று செக்கர் மூக்கிலும் ஒன்றைப் போட்டார்கள். முதுகுப் பக்கம் யாரும் போகவில்லை.

"அடுத்தது கணவர் வாக்குமூலம்," என்றார் ஆலோசகர். "இந்த மச்சத்தால நீங்க பட்ட வேதனையை உங்க வாயாலேயே சொல்லணும் சார். மனைவி கேட்டுக்கிட்டிருக்கணும். அப்பதான் எடுத்த பிறகு கிடைக்கிற சந்தோஷத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும்."

சிறிய அறை. எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். முகமெல்லாம் நீல வட்டங்களோடு மனைவி உட்கார்ந்திருந்தாள். செக்கர் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை, அதனால் உண்மையையே சொன்னார்.

"அதைப் பார்த்ததிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. சோறு இறங்கல. வேலையில கவனமில்ல. கண்ணை மூடினா அதுதான் தெரியுது."

"அடடா! பிரமாதம்!" என்று ஆலோசகர் கைதட்டினார். "எத்தனையோ கணவர்களைப் பார்த்திருக்கேன், இவ்வளவு உருக்கமா யாரும் சொன்னதில்ல. மேடம், நீங்க கொடுத்துவெச்சவங்க."

வெளியே மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்ததும் மனைவி மெதுவாகக் கேட்டாள். "இத்தனை வருஷமாவா?"

"என்ன?"

"என் முதுகைப் பார்க்க அவ்வளவு அருவருப்பா இருந்துச்சா? அதான் பாருங்க பாருங்கன்னு நான் கெஞ்சும்போதெல்லாம் திரும்பாம இருந்தீங்களா?"

"ஐயோ, அப்படியில்ல..."

"பரவாயில்லைங்க. பிடிக்கலன்னா பிடிக்கல. எடுத்துடலாம். நீங்க நிம்மதியா தூங்கணும்."

செக்கர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் அவள் பயந்துபோவாள். சொல்லாவிட்டால் இப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைத் தேடினார். அப்படி ஒரு சொல் இல்லை. அவள் அவருடைய மூக்கிலிருந்த நீல வட்டத்தைத் தன் விரலால் துடைத்துவிட்டாள். அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

அன்று பார்த்து மருத்துவமனையின் ஆண்டு விழா. 'மச்ச விடுதலை நாள்' என்று மேடையில் எழுதியிருந்தது. அன்றைக்குப் பதிவு செய்தவர்கள் அனைவரும் விழா முடிந்த பிறகே சுடப்படுவார்கள் என்று சொல்லி, எல்லோரையும் நீல வட்டங்களோடு முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ தொற்றுநோய் மாநாடு போல இருந்தது.

தலைமை மருத்துவர் ஒலிவாங்கிமுன் வந்து நின்றார். ஒளி பட்டாலும் ஒரு புள்ளிகூடத் தெரியாத முகம்.

"நண்பர்களே! இந்த மாடியில இதுவரைக்கும் எண்ண முடியாத அளவுக்கு மச்சங்களை எடுத்திருக்கோம். அதுல எத்தனை புற்றுநோய்னு தெரிய வந்துச்சு? ஒண்ணுகூட இல்ல!" கைதட்டல். "எப்படி இந்தச் சாதனைன்னு வெளிநாட்டுலேருந்துகூட வந்து கேக்குறாங்க. ரகசியம் எதுவும் இல்லைங்க. நாங்க சுடறோம். சுட்ட பிறகு சோதிக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது. சோதிக்கலன்னா கெட்ட செய்தி எங்கிருந்து வரும்?" இன்னும் பெரிய கைதட்டல். "இதே கட்டிடத்துல கீழ்த்தளமும் இருக்கு. அங்க வெட்டறாங்க, சோதிக்கிறாங்க. வாரத்துக்கு யாராவது ஒருத்தர் அழுதுக்கிட்டே வெளிய போறாங்க. எந்தப் பிரிவு ஒழுங்கா நடக்குதுன்னு நீங்களே சொல்லுங்க! என் சர்வீஸ்ல நான் ஒரு மச்சத்தைக்கூட உத்துப் பார்த்ததில்ல. உத்துப் பார்த்தா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா கை நடுங்கும்!"

அரங்கம் அதிர்ந்தது. செக்கரின் கையும் பழக்கதோஷத்தில் இரண்டு முறை தட்டிவிட்டது. மூன்றாவது தட்டுக்கு முன்னால் அவருக்கு விஷயம் உறைத்தது. மனைவியின் முதுகில் இருப்பதைச் சுட்டுவிட்டால் அது என்னவென்று யாருக்கும் எப்போதும் தெரியாது. மேலே சாம்பலாகும். உள்ளே என்ன இருக்குமோ அது இருக்கும்.

எழுந்து நின்றார். 

"ஐயா, இது அழகுக்கு இல்லைங்க."

"கேள்வி நேரம் கடைசியில," என்றார் விழாத் தொகுப்பாளர்.

"கேள்வி இல்லைங்க. நான் கீழ பொய் சொல்லிட்டேன். இவ முதுகுல இருக்கிறது மாறியிருக்கு. ஓரமெல்லாம் பிசிறா இருக்கு, ரெண்டு மூணு நிறமா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து காலையில."

"நேத்து ஜிப் மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க."

"ம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி பார்க்கவே இல்ல."

"நான் கேட்டப்பல்லாம் மச்சம்தான்னு சொன்னீங்களே?"

 சுற்றிலும் நீல வட்டம் போட்ட முகங்கள் எல்லாம் அவரையே பார்த்தன. மனைவி பிறகு எழுந்து, மேடை ஏறி, தொகுப்பாளர் கையிலிருந்த ஒலிவாங்கியை, தன்னுடையதைத் திரும்ப வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள்.

"கவனிக்கவும்," என்றது ஊருக்கே தெரிந்த அந்தக் குரல். "முதுகில் மச்சத்துடன் வந்த பயணி ஒருவர் தவறான வண்டியில் ஏற்றப்பட்டுவிட்டார். மச்சத்தைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் யாரேனும் அரங்கில் இருந்தால் உடனடியாக மேடை அருகே வரவும்."

பழக்கத்தில் சிலர் எழுந்து தங்கள் பைகளை எடுத்துக்கொண்டார்கள். மேடையில் வரிசையாக அமர்ந்திருந்த டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முகம் பார்ப்பதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. ஒருவரும் எழவில்லை.

கடைசி வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்து வந்தார். கீழ்த்தளத்து டாக்டர். "கைதட்ட ஆள் குறைஞ்சா நல்லா இருக்காதுன்னு எங்களையும் மேல வரச் சொல்லிட்டாங்க. அதான் கீழ பூட்டியிருக்கு," என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

மேடைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், கோட்டுப் பையிலிருந்து விளக்கு வைத்த சிறிய உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரைக்கு இந்தப் பக்கம் தலைமை மருத்துவர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

"மச்சம் எல்லாருக்கும் இருக்கும்மா. முக்கால்வாசி வாழ்நாள் பூரா சும்மாவே இருக்கும். ஆனா ஒரு பாதி மாதிரி இன்னொரு பாதி இல்லாம இருந்தா, ஓரம் கலைஞ்சா, நிறம் கலந்தா, பெருசானா, அரிச்சா, மாறிக்கிட்டே இருந்தா காட்டிடணும். இதை வெட்டி எடுத்துச் சோதிக்கணும். சோதிக்காம நான் நல்லதுன்னும் சொல்ல மாட்டேன், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன்."

"சுட்டிருந்தா?" என்றாள் மனைவி.

டாக்டர் உருப்பெருக்கியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கீழே இறங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. நகரும் படி ஏறுவதற்கு மட்டும்தான் என்று காவலாளி தடுத்தார். அழகுப் பிரிவில் பதிவானவரை ஆபத்துப் பிரிவுக்கு மாற்றவேண்டுமானால், இவருக்கு இனிமேல் அழகு தேவையில்லை என்று ஒரு குழு கூடி முடிவெடுக்கவேண்டும் என்று ஆலோசகர் உள்ளங்கையைத் தேய்த்தார். குழுவில் மூன்று பேர். மூவரும் மேடையில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அவர்களைப் பொருட்படுத்தாமல், சரக்கு ஏற்றும் லிஃப்டில் இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் காலையில், மூன்று மாதம் என்ற கணக்கை டாக்டரே மீறி, மரத்துப்போக ஊசி போட்டு, மச்சத்தை வெட்டி எடுத்துத் தையல் போட்டார். அரைமணி நேர வேலை. செக்கர் வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மனைவி ஏதோ சொல்ல, டாக்டர் சிரிப்பது கேட்டது. தன்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி இருந்தால் தேவலை என்றும் நினைத்தார்.

பரிசோதனை முடிவு வரும்வரை, ஆலோசகர் சொன்னதுபோலவே, வீட்டில் யாரும் தூங்கவில்லை.

"கெட்டதுதான்," என்றார் டாக்டர், சுற்றி வளைக்காமல். "ஆனா ஆரம்பம். ஆழமா இறங்கல. சுத்தி இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டி எடுக்கணும். அப்புறம் வருஷக்கணக்கா அப்பப்ப வந்து காட்டிக்கிட்டே இருக்கணும். நல்லா இருப்பீங்க."

"முன்னாடியே வந்திருந்தா டாக்டர்?" என்று கேட்டார் செக்கர். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இந்த ரெண்டாவது வெட்டு இன்னும் சின்னதா போயிருக்கலாம். விடுங்க. நல்லவேளை, நீங்க பார்த்தீங்க. நிறைய வீட்டுல யாரும் பார்க்கிறதே இல்ல."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடச் செக்கருக்கு அந்தப் பாராட்டு அளவுக்கு வலித்திருக்காது.

இரண்டாவது வெட்டுக்குப் பிறகு அவள் படுத்திருந்த அறைக்குத் தலைமை மருத்துவரே பூங்கொத்தோடு வந்தார். உட்கார்ந்து, விசாரித்து, தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். உங்க பேர் முதல்ல எங்க மாடியில பதிவாகியிருக்கு. இப்ப முடிவு இப்படி வந்ததுல, அழகுப் பிரிவுக்கு ஒரு புற்றுநோய்னு கணக்குல ஏறுது. முதல் தடவையா! நீங்க மாடிக்கே வரலன்னு வெச்சுக்குவோமா?"

"நான் மாடிக்கு வந்தது ஒலிபெருக்கியில எல்லாருக்கும் கேட்டுச்சே டாக்டர்."

"அதுக்கு வேணும்னா ஒலிபெருக்கி அன்னைக்கு ரிப்பேர்னு சொல்லிக்கலாம்மா." அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "இத்தனை வருஷத்துல ஒரு கெட்ட பேர் வாங்கினதில்ல. யாரையும் பயமுறுத்தினதில்ல. வர்றவங்களை சிரிச்சுக்கிட்டே அனுப்பினேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

செக்கருக்கு அந்த ஆளின்மேல் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பார்க்காமல் இருந்தே கெடாமல் காப்பாற்றிய பெயர். கவலைப்படாதே என்று சொல்லியே நடத்திய குடும்பம். மாடியில் இவர் நடத்திய பிரிவைத்தான் செக்கர் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் நடத்தியிருந்தார். பூங்கொத்தை வாங்கித் தண்ணீரில் வைத்தார். 

"வெச்சுக்க முடியாது டாக்டர்," என்றாள் மனைவி. தலைமை மருத்துவர் எழுந்து போனார். அடுத்த மாதம் அழகுப் பிரிவில் ஒலிவாங்கிக்குப் பூட்டு போடப்பட்டதாகக் கேள்வி.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றுவது செக்கரின் வேலை. டாக்டர் சொன்னபடி கையைக் கழுவி, பழைய துணியைப் பிரித்து, காயத்தைப் பார்த்து, மருந்து தடவி, புதியதை ஒட்டுவார். ஒரு சாயங்காலம், தையல் பிரித்த தழும்பில் களிம்பு தடவிக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"நான் முன்னாடியே பார்த்திருக்கணும்."

"ஆமா," என்றாள் மனைவி. "பார்த்திருக்கணும்."

 போகட்டும் விடுங்க என்று சொல்வாள் என அவர் காத்திருந்தார். அவள் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் உள்ளே வரும்படி செய்தாள்.

"இப்ப நீங்க திரும்புங்க. சட்டையைக் கழட்டுங்க."

"எனக்கு என்ன?"

"கழட்டுங்க."

செக்கர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றார். அவள் விரல் நடு முதுகில் ஓரிடத்தில் வந்து நின்றது. நின்றது, நகரவில்லை.   என்ன என்று கேட்க வாயெடுத்தார், கேட்க உரிமை இல்லை என்று பட்டது. தெருவில் ஒரு வண்டி போய் மறைந்தது. விரல் அங்கேயே இருந்தது.

"இது உருண்டையா இருக்கு. ஒரே நிறம். ஓரம் சுத்தமா இருக்கு," என்றாள் கடைசியில். விரல் இடம் மாறியது. "இங்க இன்னொண்ணு இருக்கு. இருங்க, பார்க்கிறேன்."

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.